மதுரையிற் பிறந்த கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன்

சங்கம் இருந்து தமிழ் வளர்த்த மதுரைமாநகரிலே பிறந்த புலவர் பலர். அவர்தம் பெயர்களை நாம் பள்ளிப் பருவமுதல் ஓதி வருகின்றோம். ஆயின் அந்நகரிலே பிறந்து, உலகெங்கணுமுள்ள கணித நூல்களிலும் அளவை நூல்களிலும் தம் பெயரை நிலைநாட்டிச் சென்ற ஆங்கில அறிஞர் ஒருவரை நம்முட் பலர் அறியார். அவரே அகஸ்டஸ் டி மார்கன் என்பார். உடுமலைப்பேட்டையில் இரயிலேறிப் பழனி, திண்டுக்கல் வழியாகச் செல்வோர் சில மணி நேரத்திற்குள் அடையக்கூடிய ஊரிலே பிறந்தவர் அவர். அவர் பெயரால் வழங்கும் விதிகள் இன்று நம் நூற்பாலைகளிலும் பின்னலாடைக் கம்பெனிகளிலுமுள்ள கணிப்பொறிகளுக்குள்ளே ஓயாது தொழிற்பட்டு வருகின்றன. அன்னாரது வாழ்க்கையையும், அவர் ஆராய்ந்த அளவையின் வழிவந்த ஒரு சிறு குறியீட்டையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

டி மார்கன் 1806-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜான் டி மார்கன், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். தாயார் எலிசபெத் அம்மையார், 1742-இல் எதிர்மடக்கை வாய்பாடு இயற்றி வெளியிட்ட ஜேம்ஸ் டாட்சன் என்னும் கணித ஆசிரியரின் வழித்தோன்றல். ஆகவே கணிதம் இவர்க்குக் குலச்சொத்தென்றே கூறலாம்.

குழந்தை பிறந்து இரண்டு வாரங்கூட நிரம்பவில்லை. ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிலே சிப்பாய்களின் கிளர்ச்சி மூண்டது. நாடெங்கும் கலக்கம் பரவிற்று. குழந்தைக்கு ஏழு திங்கள் நிரம்பிய காலத்துக் குடும்பத்தார் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தனர். அதற்கு முன்னரே, பிறந்த சின்னாளில், குழந்தையின் வலக்கண் பார்வை இழந்துவிட்டது. பத்தாம் வயதில் தந்தையாரும் காலமானார்.

ஒற்றைக் கண்ணனாகிய சிறுவன் பள்ளியில் ஏனையோரோடு விளையாடல் அரிதாயிற்று, ஏளனத்திற்கும் ஆளானான். பதினான்கு வயது வரையிற் கணிதத்தில் இவன் பேராற்றலுடையவன் என்பதை ஒருவரும் உணர்ந்திலர். ஒருநாள் யூக்கிளிடின் நூலிலுள்ள வடிவமொன்றை அவன் அளவுகோலும் கவராயமுங் கொண்டு அழகுற வரைந்துகொண்டிருத்தலைக் குடும்ப நண்பரொருவர் கண்டார். வடிவத்தை அழகாக வரைதலன்று, அதனைக் காரணங்காட்டி நிறுவுதலே வடிவகணிதம் என்று அவர் எடுத்து விளக்கினார். அன்றுதொட்டு அச்சிறுவனின் அறிவு வேறு வழியில் ஓடத் தொடங்கிற்று.

கேம்பிரிட்ஜும் கையெழுத்தும்

1823-ஆம் ஆண்டிற் பதினாறு வயதினராய்க் கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். பீகாக், ஹ்யூவெல் முதலிய பேராசிரியர்கள் இவர்க்கு ஆசிரியராயமைந்தனர். பாடப் புத்தகத்தோடு நில்லாமற் கண்ணிற் பட்ட நூல்களையெல்லாம் கற்றார். புல்லாங்குழலும் திறம்பட இசைத்தார். 1827-இல் நடந்த கணிதப் பரீட்சையில் நான்காமவராகத் தேறினார்.

இனி எம்.ஏ. பட்டம் பெறுதலும் கல்லூரி உறுப்பினராய் அமர்ந்து ஆராய்ச்சி நடத்துதலுமே எஞ்சியிருந்தன. ஆனால் அக்காலத்தே கேம்பிரிட்ஜில் ஒரு சட்டம் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட்டாலன்றி எம்.ஏ. பட்டமும் உறுப்பினர் பதவியும் கிடையா. டி மார்கனின் தாயார் ஆழ்ந்த பக்தியுடையவர். மகன் குருத்தொழில் மேற்கொள்ளல் வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனோ அத்தாளிற் கையெழுத்திட மறுத்துவிட்டார். மனிதன் கடவுளோடு கொண்ட உறவை ஒரு பதவிக்கு விலையாக எழுதிக்கொடுத்தல் தகாது என்பது அவர் துணிபு. இதனால் கேம்பிரிட்ஜின் கதவு அவர்க்கு அடைபட்டது. சட்டம் பயில எண்ணி அவர் இலண்டன் சென்றார்.

இலண்டனிற் பேராசிரியர்

அக்காலத்திலேதான், 1826-இல், எம்மதத்தினரும் சமயச் சோதனையின்றிச் சேர்ந்து கற்கத்தக்க புதிய பல்கலைக்கழகமொன்று இலண்டனில் நிறுவப்பட்டிருந்தது. பின்னர் யூனிவர்ஸிட்டி காலேஜ் என்னும் பெயர் பெற்றது அதுவே. 1828-ஆம் ஆண்டில், இருபத்தோராம் வயதில், டி மார்கன் அங்கே முதற் கணிதப் பேராசிரியராக நியமனம் பெற்றார்.

மூன்றாண்டு கழிந்தது. உடற்கூற்றியற் பேராசிரியர் ஒருவரைக் கல்லூரி ஆட்சியார் தக்க காரணங் கூறாது நீக்கினர். அப்பேராசிரியர்க்கும் டி மார்கனுக்கும் உறவொன்றுமில்லை. ஆயினும் காரணமின்றி ஆசிரியரை நீக்கும் இடத்திலே தாம் இருத்தல் தகாதெனக் கருதி 1831-இற் பதவியைத் துறந்தார். பின்னர் அவர்க்குப் பதிலாக வந்தவர் நீரில் மூழ்கி இறக்கவே, 1836-இல் மீண்டும் அழைக்கப்பெற்று, மேலும் முப்பதாண்டு அங்கே பாடம் நடத்தினார். 1837-இற் சோபியா பிரெண்டு என்னும் அம்மையாரை மணந்தார். மக்கள் எழுவர் பிறந்தனர்.

மாணாக்கர்க்கு அவர் வாய்பாட்டைக் கற்பித்தாரல்லர், காரணத்தைக் கற்பித்தார். 1840-ஆம் ஆண்டளவில் அடா லவ்லேஸ் சீமாட்டியார் கடித வாயிலாக அவரிடம் உயர்கணிதம் பயின்றார். சார்ல்ஸ் பாபேஜ் என்பார் திட்டமிட்ட பெரிய கணிதயந்திரத்தைப் பற்றி அவ்வம்மையார் 1843-இல் வெளியிட்ட குறிப்பிலுள்ள செயல்முறையையே, கணிப்பொறிக்கென எழுதப்பட்ட முதல் நிரலென்று பலரும் போற்றுவர். மக்கட்குப் பயன்படுமாறு எளிய விலையில் வெளிவந்த பென்னி கலைக்களஞ்சியத்திற்கு டி மார்கன் எழுதிய கட்டுரைகள் 700-க்கும் மேற்பட்டன. 1838-இற் கணிதத் தொகுத்தறிமுறைக்கு அவர் இட்ட பெயரே இன்றும் நிலவுகின்றது. தம் வயதைக் கேட்போர்க்கும் கணக்கிலேயே விடை கூறுவர். ஓர் எண்ணின் வர்க்கமாகிய ஆண்டிலே தமக்கு அவ்வெண்ணே வயதாயிருந்தது என்பர். 43-இன் வர்க்கம் 1849. அவ்வாண்டில் அவர்க்கு வயது 43.

பிறந்த நாட்டை அவர் மறந்தாரல்லர். தில்லிக் கல்லூரியிற் கணித ஆசிரியராயிருந்த இராமச்சந்திரர் என்பார், நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணித முறையாலேயே பெருமச் சிறுமங்களைக் காணும் வழியை ஆராய்ந்து 1850-இற் கல்கத்தாவில் ஒரு நூல் வெளியிட்டார். இந்நாட்டில் அதனை மதித்தார் சிலரே. அந்நூலின் பிரதி டி மார்கன் கைக்கு எட்டிற்று. அவர் அதன் அருமையை உணர்ந்து, கம்பெனியாரை இணங்குவித்து, தாமே முன்னுரை வரைந்து, 1859-இல் இலண்டனிற் பதிப்பிக்கச் செய்தார்.

அளவை நூலும் ஒரு சிறு குறியும்

1847-இல் அவரது அளவை நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜார்ஜ் பூல் என்பாரும் அளவையைக் கணிதமாக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இருவரும் பொறாமையின்றி நண்பராய் விளங்கினர். இவ்விருவர் முயற்சியாலேயே உம், அல்லது, அன்று என்னும் சிறு சொற்கள் கூட்டல், பெருக்கல் போன்று கணக்கிடத்தக்க குறிகளாயின.

டி மார்கன் விதிகளென்பன இரண்டு. நம் ஊர்த் தொழிலிலிருந்தே உவமை கூறலாம். பின்னலாடை ஒன்று செக்கிங்கில் தேறவேண்டுமாயின் தையலும் நன்றாயிருத்தல் வேண்டும், சாயமும் நன்றாயிருத்தல் வேண்டும். அப்பீஸ் தேறவில்லையெனின் நாம் அறிவது யாது? தையல் குறையுடையது, அல்லது சாயம் குறையுடையது என்பதே. இரண்டுங் குறையுடையன என்று கூற இடமில்லை. இஃது ஒரு விதி. சரக்கு லாரியிலேனும் இரயிலிலேனும் போகலாம் என்பதை மறுத்தால், லாரியிலும் போகவில்லை, இரயிலிலும் போகவில்லை என்பது பெறப்படும். இது மற்றொரு விதி. மறுப்பு உட்புகுங்கால் உம் என்பது அல்லது என்றாகும். அல்லது என்பது உம் என்றாகும். இக்கருத்தைப் பழைய அளவையாளர் சொல்லளவில் அறிந்திருந்தனராயினும், கணித விதியாக நிலைபெறச் செய்தவர் இவரேயாதலின் இவர் பெயர் அதற்குரியதாயிற்று.

அல்லது என்னுஞ் சொல்லின் வழித்தோன்றிய சிறு குறியொன்றை இனிக் காண்போம். யுகிஹிரோ மட்சுமோட்டோ என்னும் ஜப்பானியர் 1995-இல் வெளியிட்ட ரூபி என்பது கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளுள் ஒன்று. அதிலே இரண்டு நெடுங்கோடுகளையும் ஒரு சமக்குறியையும் சேர்த்து ||= என்று எழுதுவர். நெடுங்கோடு இரண்டும் அல்லது என்னும் பொருளன. சமக்குறி மதிப்பை ஏற்றிவைத்தலைக் குறிக்கும். இடப்பக்கத்துப் பெயர்க்கு மதிப்பொன்று முன்னரே இருப்பின் அதனைத் தொடாதே. இல்லையாயின் வலப்பக்கத்துள்ளதை அதற்கு மதிப்பாக வை என்பது இதன் பொருள். பெர்ல் என்னும் மொழியில் இக்குறி இதற்கு முன்னரே வழங்கியது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2021-ஆம் ஆண்டின் இலக்கணத்திற் சேர்க்கப்பட்டது.

இதன் நயத்தை நோக்குக. அல்லது என்னும் வாக்கியத்தில் முதற்கூறு மெய்யாயின் இரண்டாங் கூற்றை ஆராய வேண்டுவதில்லை. ஆகவே மதிப்பு முன்னரே இருப்பின் ரூபி வலப்பக்கத்தைத் திரும்பியும் பாராது. ஏற்றிவைக்கும் வேலையையுஞ் செய்யாது. ஓர் ஆர்டருக்கு வேண்டிய நூலின் மொத்த நிறையைக் கணக்கிடுதல் நெடுநேர வேலையாயின், இக்குறியால் ஒருமுறை மட்டுங் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துக் கேட்கும்போது அவ்விடையையே தரச் செய்யலாம். அல்லது என்பதற்கு இக்குறி இருத்தல்போல, உம் என்பதற்கு &&= என்னும் இணைக்குறியும் உண்டு. அது முன்னரே மதிப்புள்ள பெயர்க்கு மட்டுமே புதுமதிப்பை ஏற்றும். வெறுமையை வெறுமையாகவே விட்டுவிடும்.

இன்மையும் அன்மையும்

இங்கே நுண்ணிய இடர் ஒன்று உளது. தமிழ் பயில்வார்க்கு அது எளிதிற் புலனாகும். எதிர்மறைக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உண்டென நம் இலக்கண ஆசிரியர் வகுத்துரைப்பர். ஒரு பொருள் இல்லாதிருத்தல் வேறு. அஃது அன்றென மறுத்தல் வேறு. ரூபியிலும் இவ்வேறுபாடு உண்டு. நில் என்பது இன்மை. இன்னும் ஒன்றுஞ் சொல்லப்படவில்லை என்பது கருத்து. ஃபால்ஸ் என்பது மறுப்பு. கேட்டதற்கு அன்று என்றோ வேண்டா என்றோ விடை கூறியாயிற்று என்பது கருத்து. ரூபி சுழியத்தையும் எழுத்தில்லாத வெற்றுத் தொடரையுங்கூட உள்பொருளாகவே கொள்ளும். ஆனால் ||= என்னுங் குறியோ நில்லையும் ஃபால்ஸையும் ஒன்றாகவே கருதி, இரண்டையும் நீக்கி வலப்பக்கத்து மதிப்பை அமர்த்திவிடும்.

கம்பெனியொன்றில் ஆர்டர் தாளிலே வாஷிங் என்று ஒரு கட்டம் இருப்பதாகக் கொள்வோம். வாங்குவோர் ஒன்றுங் குறிப்பிடாவிடின் வாஷிங் செய்தே அனுப்புதல் அங்கு வழக்கம். நிரல் எழுதுவோர், வாஷிங் ||= மெய் என்று ஒரு வரி எழுதிவிடுகின்றார். கட்டம் வெறுமையாயிருந்தால் இது சரியாகவே நடக்கும். ஆனால் வாங்குவோர் வேண்டா என்று தெளிவாகக் குறித்திருந்தால்? அவ்விடை ஃபால்ஸ் ஆதலின், இக்குறி அதனை வெறுமையென மயங்கி, மெய் என மாற்றிவிடும். ஆயிரம் பீஸ் வாஷிங்குக்குப் போய்விடும். தவறு அறிவிப்பு ஒன்றும் தோன்றாது. வாங்குவோர் மறுத்தார் என்ற சுவடே தாளில் இராது. இதனைத் தவிர்க்க வேண்டின், அக்கட்டம் நில்தானா என்று முதலிற் கேட்டு, ஆம் எனின் மட்டுமே வழக்கமான மதிப்பை இடுதல் வேண்டும். ஒரு கேள்வி கூடுதல். ஆயினும் அது பிறர் சொல்லிய சொல்லைக் காக்கும் கேள்வி.

இறுதிக் காலம்

மறுத்தலும் இன்மையும் ஒன்றல்ல என்பதற்கு டி மார்கனின் வாழ்க்கையே சான்று. 1866-ஆம் ஆண்டில் யூனிவர்ஸிட்டி காலேஜில் மனநூலும் அளவையுங் கற்பிக்கும் பேராசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. ஜேம்ஸ் மார்ட்டினோ என்பார் அதற்கு முற்றுந் தகுதியுடையவர். ஆயின் அவர் யூனிட்டேரியன் சபையின் போதகர் என்பது கருதி ஆட்சியார் அவரை ஏற்க மறுத்தனர். சமயச் சோதனை கூடாதென்னுங் கொள்கைக்காகவே எழுந்த கல்லூரியில் அச்சோதனை பின்வாயிலால் நுழைந்ததென டி மார்கன் கண்டார். அறுபதாம் வயதில், வேறு வருவாயை எதிர்நோக்காது, பதவியை இரண்டாம் முறையும் இறுதியாகவுந் துறந்தார். பழைய மாணாக்கர் அவரது உருவைச் சமைத்துக் கல்லூரியில் வைக்க விரும்பிய போதும் இசைந்தாரல்லர்.

அதன்பின் துன்பம் தொடர்ந்து வந்தது. மைந்தர் ஜார்ஜ், தந்தையைப் போன்றே கணித வல்லுநர். 1865-இல் இலண்டன் கணிதக் கழகம் தோன்றக் காரணராயிருந்தவர்களுள் ஒருவர். அக்கழகத்தின் முதல் தலைவர் தந்தையாரே. அம்மைந்தர் 1867-இல் இறந்தார். 1870-இல் மகளொருவரும் இறந்தார். நலிந்த உடலும் உள்ளமும் தேறவில்லை. 1871-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் டி மார்கன் காலமானார்.

கையெழுத்திட மறுத்தவர், எந்தச் சபையிலும் சேராதவர், ஆகவே விசுவாசமற்றவர் என்று அவரைப் பற்றி நினைத்தார் பலர். அவர் எழுதிவைத்த மரண சாசனத்தைப் பிரித்த போது வேறொன்று வெளியாயிற்று. கடவுளிடத்தே தம் எதிர்காலத்தை நம்பிக்கையோடு ஒப்புவித்திருந்தார். இயேசு கிறிஸ்து தேவகுமாரனென்று உள்ளத்தால் விசுவாசித்ததாகவும், அவ்வறிக்கை தம் காலத்தில் உலக உயர்வுக்கு ஏணியாயிருந்தமையின் வாயால் அறிக்கையிடாதிருந்ததாகவும் அதிற் கூறியிருந்தார். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நிற்கின்றது, இல்லாமற் போகவில்லை. அத்தகையது அவரது மௌனம். கேம்பிரிட்ஜின் தாளில் அவர் கையெழுத்திற்குரிய இடம் வெறுமையாயிருந்தது. அவ்வெறுமைக்குள் ஒரு நம்பிக்கையும், அதனை விற்கமாட்டேன் என்னும் ஒரு மறுப்பும் இருந்தன. பார்த்தவர்களோ அவற்றைக் கேளாமல், தங்கள் வழக்கமான மதிப்பாகிய அவிசுவாசம் என்பதை அவ்விடத்தே எழுதிக்கொண்டனர்.

அவர் இறந்து மூன்று மாதத்திற்குள், 1871 ஜூன் மாதத்தில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹம் பல்கலைக்கழகங்களிற் பட்டத்திற்கும் பதவிக்கும் இருந்த சமயச் சோதனையை நீக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. அதனைக் காண அவர் இருந்திலர். அவர் அரிதிற் சேர்த்த மூவாயிரம் நூல்களை ஓவர்ஸ்டன் பிரபு விலைக்கு வாங்கி இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார்.

மாணவ நண்பர்காள்! பட்டம் பெற்றபின் நம்முட் சிலர் நூற்பாலை அலுவலகங்களிலும் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் கணிப்பொறி முன் அமர்ந்து, பிறர் நிரப்பிய தாள்களுக்குக் கட்டளை எழுதப் போகின்றோம். வெறுமையான கட்டத்தை வழக்கப்படி நிரப்புதல் தவறன்று. அதுவின்றி வேலை நடவாது. ஆயின் அது வெறுமைதானா, அன்றி ஒருவர் ஆய்ந்து கூறிய மறுப்பா என்று முதலில் நோக்குதல் நம் கடன். தாளுக்குச் செய்யும் இம்மரியாதையை மனிதர்க்கும் செய்வோமாக. வகுப்பில் வாய்திறவாத தோழன் ஒன்றும் அறியாதவனென்றும், சந்தாப் பட்டியலிற் பெயரெழுதாதவன் அன்பில்லாதவனென்றும் நாமே முடிவு கட்டிவிடாது, ஒரு வார்த்தை கேட்டறிவோம். மதுரையிற் பிறந்து, ஒற்றைக் கண்ணால் உலகைக் கற்று, இரண்டு முறை பதவியைத் துறந்த அவ்வறிஞரின் வாழ்க்கை நமக்கு இதனைக் கற்பிக்கின்றது.